'ஓஃப்' என்ற எபிரேயச் சொல்லுக்குப் பொருள் காண்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆதியாகமம் 1:20இல் 'பறவைகள்' என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரேயத்தில் இருக்கும் சொல் 'ஓஃப்'. சின்னச் சொல்தான், மூன்றே எழுத்து. ஆனால் வேதப்பாட வகுப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் இதில் தடுக்கி விழுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒருவர் 'கோழி' என்று எழுதிக்கொண்டு வருவார். இன்னொருவர், 'வௌவாலைப் பறவை என்று வேதம் சொல்கிறதே, அது தவறுதானே?' என்று கலங்கிப்போய் வருவார். இருவரும் அகராதியை முதலில் திறந்தவர்கள். வசனங்களை முதலில் பார்த்து, அகராதியைக் கடைசியில் திறந்தால் இந்த இரண்டு தடுமாற்றமும் வராது. கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். எபிரேயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுத்துகளை அடையாளம் காணத் தெரிந்தால் போதும்.

1. தொடங்கும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

உயிர்க்குறி, அதாவது உயிரோசைகளைக் காட்டும் புள்ளிகளும் கோடுகளும், இட்ட எபிரேய மூலம் ஒன்று வேண்டும். சொல்லைத் தொட்டால் அதன் ஸ்ட்ராங் எண்ணை, அதாவது வேதாகம மூலச் சொல் ஒவ்வொன்றுக்கும் தரப்பட்ட வரிசை எண்ணை, காட்டும் இலவசச் செயலி எதுவானாலும் சரி. 'ஓஃப்' என்ற பெயர்ச்சொல்லின் எண் 5775. 'பற' என்ற வினைச்சொல் 5774. எபிரேயத்துக்கு உறவு மொழியான அரமேயத்தில் வரும் 'ஓஃப்' 5776. மூன்றும் அடுத்தடுத்து இருப்பதால் மாற்றி எழுதிவிடுவது சுலபம். எண்களை நோட்டின் முதல் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

தமிழில் இரண்டு மொழிபெயர்ப்புகள் வேண்டும். பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, திருவிவிலியம் ஒன்று. இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் வேகமாகக் கடந்துவிடலாம். பிரிகிற இடத்தில், மூலத்தில் நின்று கவனிக்கவேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.

நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள்: வசனம், கூட வரும் சொற்கள், அங்கே பேசப்படும் உயிரி. 'பொருள்' என்று நான்காவது பத்தி போடாதீர்கள். போட்டால் முதல் வசனத்திலேயே அதை நிரப்பிவிடுவோம். அப்புறம் வரும் வசனங்களையெல்லாம் அதற்கேற்ப வளைத்துப் படிப்போம்.

2. வசனத்தில் இருப்பது இந்தச் சொல்தானா என்று பாருங்கள்

தமிழில் 'பறவை' அல்லது 'பட்சி' என்று இருப்பதால் மட்டும் அங்கே 'ஓஃப்' இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. எபிரேயத்தில் 'சிப்போர்' என்று வேறொரு சொல் உண்டு, 'அயிட்' என்று இன்னொன்று உண்டு. எல்லாமே தமிழில் பறவை அல்லது பட்சி என்றே வந்து விழும். ஆகவே தமிழ் ஒத்துவாக்கியத்தை (எந்தச் சொல் எந்த வசனங்களில் வருகிறது என்று காட்டும் நூலை) வைத்து வசனப் பட்டியல் தயாரித்தால் அது கலப்படப் பட்டியலாகிவிடும். எண்ணை வைத்துத் தேடுங்கள். 5775 என்று தேடினால் ஏறத்தாழ 70 இடங்கள் கிடைக்கும். ஒரு வாரத்தில் நிதானமாகப் பார்த்து முடிக்கலாம்.

வசன எண்களில் ஓர் எச்சரிக்கை. சாலொமோன் மிருகங்களையும் ஓஃபையும் ஊர்வனவற்றையும் மீன்களையும் பற்றிப் பேசினான் என்ற வசனம் தமிழில் 1 இராஜாக்கள் 4:33. எபிரேய மூலத்தில் அதுவே 5:13. செயலி எந்த எண்முறையைக் காட்டுகிறது என்று தெரியாமல், 'இந்த வசனத்தில் அந்தச் சொல்லே இல்லையே' என்று அடித்துவிட்டவர்கள் உண்டு.

3. எழுத்தையும் வேரையும் பாருங்கள், ஆனால் வேரிலேயே நின்றுவிடாதீர்கள்

வலமிருந்து இடமாக அயின், வாவ், பே. நடுவில் உள்ள வாவ் இங்கே 'ஓ' என்ற உயிரோசையைக் காட்டுகிறது. கடைசியில் உள்ள பே, சொல்லின் இறுதியில் வருவதால் கீழே வால் நீண்ட வடிவில் இருக்கும். புதியவர்கள் அதை வேறு எழுத்து என்று நினைத்துவிடுவார்கள். ஒரே எழுத்துதான்.

வேர் 'ஊஃப்', அதாவது பறத்தல். 'ஓஃப்' என்றால் பறப்பது. இதுவரை யாருக்கும் சிக்கல் இல்லை. சிக்கல் அடுத்த அடியில் வருகிறது. 'பறப்பதெல்லாம் ஓஃப்' என்று திருப்பிப் போட்டுவிடுவார்கள். ஏசாயா 6:2இல் சேராபீன்கள் என்ற சிறகுள்ள விண்ணவர்கள் பறக்கிறார்கள், இதே வினைச்சொல்தான். சகரியா 5:1இல் ஒரு புஸ்தகச்சுருள் பறக்கிறது, அதே வினை. நீதிமொழிகள் 23:5இல் செல்வம் சிறகு முளைத்துப் பறக்கிறது. இவற்றில் எதையும் எபிரேயம் 'ஓஃப்' என்று அழைக்கவில்லை. தமிழில் காற்றாடியும் பறக்கிறது, ஆனால் அதைப் பறவை என்று யாரும் சொல்வதில்லை. வேர் ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும். வந்த பிறகு எங்கே தங்கியது என்பதை வசனங்கள்தான் சொல்லும்.

இன்னொரு குழி உண்டு. உயிர்க்குறி இல்லாமல் எழுதினால் 'பறந்தான்' என்ற வினையும் 'களைத்துப்போனான்' என்ற வினையும் ஒரே எழுத்துகளில் வந்து நிற்கும். ஏசாயா 6:6இல் சேராபீன்களில் ஒருவன் பறந்து வருகிறான். 1 சாமுவேல் 14:28இல் ஜனங்கள் களைத்திருக்கிறார்கள். இரண்டிலும் மெய்யெழுத்துகள் ஒன்றே. உயிர்க்குறி இட்ட மூலம் வேண்டும் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.

4. ஒருமையா பன்மையா என்று கவனியுங்கள்

இந்தச் சொல் எபிரேய வேதாகமத்தில் எங்கும் பன்மை விகுதியோடு வருவதில்லை. ஒருமை வடிவத்திலேயே முழுக் கூட்டத்தையும் குறிக்கும். ஆதியாகமம் 1:22இல் 'ஓஃப் பெருகட்டும்' என்ற இடத்தில் வினையும் ஒருமை. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். தமிழருக்குத் தெரியக் கூடாது. நம் இலக்கணத்தில் பால்பகா அஃறிணைப் பெயர் என்று படித்திருக்கிறோமே, அதுபோலத்தான். 'மாடு மேய்கிறது' என்றால் ஒரு மாடாகவும் இருக்கலாம், மந்தையாகவும் இருக்கலாம். ஆகவே ஒருமையைப் பார்த்துவிட்டு, 'கடவுள் முதலில் ஒரே ஒரு பறவையைத்தான் படைத்தார்' என்று விளக்கம் கட்ட வேண்டாம்.

5. கூட வரும் சொற்களை எழுதுங்கள்

இது சலிப்பூட்டும் வேலை, ஆனால் பாதிப் பொருள் இங்கேதான் கிடைக்கும். நோட்டின் இரண்டாம் பத்தியை நிரப்பிக்கொண்டே போனால் ஒரு வடிவம் தெரியத் தொடங்கும். 'ஓஃப்' தனியாக வருவது குறைவு. ஆதியாகமம் 1:26, 1:28 இரண்டிலும் கடலின் மீன், வானத்தின் ஓஃப், நிலத்து உயிர்கள் என்று வரிசை நிற்கிறது. 'ஓஃப் ஹஷ்ஷாமாயிம்', அதாவது வானத்து ஓஃப், என்ற தொடர் அடிக்கடி வரும்.

இதிலிருந்து தெரிவது என்ன? எபிரேயர் உயிர்களைப் பிரித்த விதம் எலும்பையோ இறகையோ முட்டையையோ பார்த்தல்ல. எங்கே நடமாடுகிறது என்பதைப் பார்த்து. நீரில் ஒன்று, நிலத்தில் ஒன்று, வானில் ஒன்று. 'ஓஃப்' என்பது அந்த மூன்றாவது அறையின் பெயர். இதை எழுதிவைத்துக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள். இது இல்லாமல் லேவியராகமத்துக்குப் போனால் அங்கே தொலைந்துபோவீர்கள்.

6. லேவியராகமம் 11ஐ வரிவரியாகப் படியுங்கள்

நேரம் குறைவாக இருந்தால் மற்ற படிகளைச் சுருக்கிக்கொள்ளுங்கள். இதைச் சுருக்காதீர்கள். இந்தச் சொல்லின் எல்லைகளை வேதமே வரைந்து காட்டும் இடம் இது.

முதலில் அதிகாரத்தின் அமைப்பைப் பாருங்கள். 2 முதல் 8 வரை நிலத்து விலங்குகள். 9 முதல் 12 வரை நீரில் உள்ளவை. 13இல் 'ஓஃப்' தொடங்குகிறது. போன படியில் பார்த்த அதே மூன்று அறைகள்.

13 முதல் 19 வரை 20 பெயர்கள். 'நெஷெர்' என்பதில் தொடங்குகிறது, தமிழில் கழுகு. 'அட்டல்லேஃப்' என்பதில் முடிகிறது, தமிழில் வௌவால். பட்டியலில் வௌவால் கடைசியாக நிற்பதைக் கவனியுங்கள். உபாகமம் 14:18இலும் அது கடைசிதான். இறகுள்ளவை எல்லாம் முடிந்தபின் தோல் சிறகுள்ளது வருகிறது. அடுத்த வசனத்திலேயே பூச்சிகள் தொடங்குகின்றன.

20ஆம் வசனம்தான் திறவுகோல். அங்கே உள்ள தொடர் 'ஷெரெட்ஸ் ஹாஓஃப்'. 'ஷெரெட்ஸ்' என்றால் மொய்ப்பவை, கூட்டமாக ஊர்ந்து நெளிபவை. ஆக, 'ஓஃபில் மொய்க்கிற வகை'. 21, 22இல் வெட்டுக்கிளிகள் வருகின்றன. அப்படியென்றால் வெட்டுக்கிளியும் ஓஃபின் ஒரு வகை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். 13இல் 'பறவைகள்' என்று போட்டவர்கள் 20இல் 'பறக்கிறவைகள்' என்று மாற்றியிருக்கிறார்கள். எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல். தமிழை மட்டும் படிக்கிறவருக்கு இது இரண்டு வேறு இனம் என்று தோன்றும்.

46ஆம் வசனத்தையும் விடாதீர்கள், பலரும் விட்டுவிடுவார்கள். அதிகாரத்தைத் தொகுத்துச் சொல்லும் வசனம் அது: விலங்கு, ஓஃப், நீரில் அசைவது, தரையில் ஊர்வது. நான்கே. பறக்கும் பூச்சிக்குத் தனியிடம் தரப்படவில்லை, அது ஓஃபுக்குள் அடங்கிவிட்டது.

இப்போது வௌவால் கேள்விக்கு வாருங்கள். 'வேதம் வௌவாலைப் பறவை என்கிறது' என்ற வாக்கியத்தில் 'பறவை' என்ற சொல்தான் பிசகு. வேதம் அதை 'ஓஃப்' என்கிறது. ஓஃப் என்பது வானில் நடமாடும் உயிர்களின் தொகுதி. வெட்டுக்கிளியே அதற்குள் இருக்கும்போது வௌவால் இருப்பதில் என்ன தவறு? இன்றைய விலங்கியலின் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அன்றைய மொழி அதில் அடங்கவில்லை என்று சொல்வது நியாயமில்லை. அதே சமயம், இதை வைத்து விலங்கியலைத் திருத்தவும் புறப்பட வேண்டாம். வசனம் உணவு விதியைச் சொல்கிறது.

21ஆம் வசனத்தில் இன்னொரு நுணுக்கம். எழுதப்பட்ட எழுத்தின்படி 'லோ' என்பது 'இல்லை'. ஓரக்குறிப்பில் உள்ள வாசிப்பின்படி அதே ஒலியுள்ள 'லோ' என்பது 'அதற்கு'. ஒலி ஒன்று, எழுத்து வேறு. எழுத்தை மட்டும் பார்த்தால் 'தத்தும் கால்கள் இல்லாதவை' என்று தலைகீழாகிவிடும். வாசிப்பின்படி 'கால்களுக்குமேல் தத்தும் கால்கள் உடையவை'. மொழிபெயர்ப்புகள் இரண்டாவதையே எடுக்கின்றன. 'நாலுகாலால் நடமாடுகிற' என்பதைப் படித்துவிட்டு 'பூச்சிக்கு ஆறு கால் அல்லவா' என்று கேட்பவர்களுக்கும் இங்கே ஒரு பிடி கிடைக்கிறது. தத்தும் கால்களை வசனம் தனியாகப் பிரித்துச் சொல்கிறது. 'நாலுகாலால்' என்பது உடலைத் தாழ்த்தி நடக்கும் நடையைக் குறிக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

7. உறவுச் சொற்களோடு ஒப்பிடுங்கள்

ஆதியாகமம் 7:14ஐத் திறங்கள். பேழைக்குள் போனவற்றைச் சொல்லும்போது மூன்று சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன: 'ஓஃப்', 'சிப்போர்', 'கானாஃப்'. பறப்பன, குருவி இனம், சிறகு. ஒரே வசனத்தில் மூன்றும் இருப்பதால் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று அளக்க வசதி.

'சிப்போர்' பெரும்பாலும் சிட்டுக்குருவி போன்ற சிறு பறவை, சில இடங்களில் பொதுவாகப் பறவை. மோசேயின் மனைவி சிப்போராளின் பெயர் இதிலிருந்துதான். இந்தச் சொல் பூச்சியைக் குறிப்பதில்லை.

'அயிட்' இரைகொல்லிப் பறவை. ஆதியாகமம் 15:11இல் ஆபிராம் வெட்டிவைத்த உடல்கள்மேல் இறங்கியவை இவை. அதனால் பிணம் தின்னும் பறவைக்கு ஓஃப் வராது என்று எண்ண வேண்டாம். 2 சாமுவேல் 21:10இல் ரிஸ்பாள் தன் மக்களின் உடல்கள்மேல் பகலில் வானத்து ஓஃப் இறங்காதபடி காவல் இருக்கிறாள். ஓஃப் பெரிய வட்டம், அயிட் அதற்குள் ஒரு சின்ன வட்டம்.

8. ஆதியாகமம் 1:20க்குத் திரும்புங்கள்

இப்போதுதான் தொடங்கிய இடத்துக்கு வரவேண்டும். முன்பே வந்தால் இலக்கணச் சிக்கலும் பொருட்சிக்கலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

எபிரேயத்தில் வரி இப்படி ஒலிக்கும்: 'வெஓஃப் யெஓஃபேஃப் அல் ஹாஆரெட்ஸ்'. பறப்பதைப் பறக்கச் சொல்லும் வரி, ஒரே வேர் இரண்டு முறை அடிக்கிறது. வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கள், சிறகடிப்பு கேட்கும்.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதை 'பறக்கும் பறவைகளையும்' என்று எடுத்து, ஜலம் அவற்றையும் பிறப்பிக்கக் கட்டளையிட்டதாக வாக்கியத்தை முடிக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் லத்தீன் மொழிபெயர்ப்பும் அப்படியே. ஆனால் எபிரேயத்தை நேராக எடுத்தால் இரண்டு தனிக் கட்டளைகள்: நீர் உயிர்களால் மொய்க்கட்டும், ஓஃப் பூமிக்கு மேலே பறக்கட்டும். திருவிவிலியம் இப்படித்தான் பிரிக்கிறது.

இது சின்ன வித்தியாசம் இல்லை. 2:19இல் கடவுள் ஓஃபை மண்ணிலிருந்து உருவாக்கினார் என்று வருகிறது. முதல் வாசிப்பை எடுத்தால் 'நீரா, மண்ணா?' என்ற முரண் வரும். யூத மரபு நூலான பாபிலோன் தல்மூதில், ஹூல்லின் என்ற பகுதியின் 27ஆவது ஏட்டில், ரபிகள் என்ற யூத போதகர்கள் இந்தக் கேள்வியை எடுத்து, நீரும் மண்ணும் கலந்த சேற்றிலிருந்து என்ற விடையைத் தந்திருக்கிறார்கள். இரண்டாவது வாசிப்பை எடுத்தால் அந்த முரண் எழுவதே இல்லை. 1:21ஐயும் சேர்த்துப் பாருங்கள். 'நீர் மொய்த்துப் பிறப்பித்த' என்ற தொடர் நீந்துபவற்றோடு மட்டும் ஒட்டி நிற்கிறது, 'சிறகுள்ள ஓஃப்' தனியாக வருகிறது. அதனால் நான் இரண்டாவது வாசிப்பின் பக்கம்.

9. அகராதியை இப்போது திறங்கள்

'பறக்கும் உயிர்கள், பறவைகள், பூச்சிகள்' என்ற வரிசை எபிரேய அகராதியில் இருக்கும். உங்கள் நோட்டோடு அது பொருந்தும். ஆனால் இரண்டு பொறிகளைத் தவிருங்கள்.

ஒன்று, 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு பயன்படுத்தும் 'ஃபவுல்'. அந்தக் காலத்தில் அது எந்தப் பறவைக்கும் பொதுச்சொல். இன்றைய ஆங்கில-தமிழ் அகராதியில் 'கோழி' என்று போட்டிருக்கும்.

இரண்டு, இன்றைய எபிரேயம். இஸ்ரேலில் உணவகப் பட்டியலில் 'ஓஃப்' என்றால் கோழிக்கறிதான். இணையத்தில் மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தினாலும் அதுவே வரும். கோழி என்று எழுதிவந்தவர் இந்த இரண்டு வழியாலும் சென்று ஒரே தவறான விடைக்கு வந்து, அதனாலேயே அது சரி என்று நம்பியிருந்தார். லேவியராகமம் 1:14ஐக் காட்டினேன். ஓஃபில் தகனபலி என்று தொடங்கி, காட்டுப்புறா அல்லது புறாக்குஞ்சு என்று அந்த வசனமே சொல்லிவிடுகிறது. பேனாவை எடுத்து அவரே அடித்துவிட்டார்.

10. தமிழில் எந்தச் சொல் என்று முடிவெடுங்கள்

எல்லா இடத்துக்கும் ஒரே சொல் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். ஆதியாகமம் 40:17இல் அப்பக்காரனின் கூடையிலிருந்து தின்றது பறவைதான், 'பறவை' என்றே எழுதலாம். தொகுதியாக வரும் இடங்களில், முக்கியமாக லேவியராகமம் 11இல், 'பறப்பன' என்பது நன்றாகப் பொருந்தும். அது புதுச்சொல் இல்லை. தொல்காப்பிய மரபியல் குஞ்சுகளுக்குப் பெயர் சொல்லும்போது 'பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை' என்கிறது. பறப்பதை வைத்தே ஓர் இனமாகப் பிரித்திருக்கிறார்கள்.

'பறவை' என்ற சொல்லும் நாம் நினைப்பதைவிட அகலமானது. அகநானூறு 4இல் குறுங்குடி மருதனார் பாடும் தலைவன், 'தாதுண் பறவை பேதுறல் அஞ்சி' தன் தேர்மணியின் நாவைக் கட்டிவைத்து வருகிறான். பூந்தாது உண்ணும் அந்தப் பறவை வண்டு. பூச்சியைப் பறவை என்று சொன்ன மொழி நம்முடையது. 'பற' என்ற வேரிலிருந்து 'பறவை', 'ஊஃப்' என்ற வேரிலிருந்து 'ஓஃப்'. இரண்டும் ஒரே தடத்தில் நடந்திருக்கின்றன. வகுப்பில் வௌவால் கேள்வி வரும்போது நான் முதலில் இந்த வரியைத்தான் பலகையில் எழுதுகிறேன்.

11. மூன்று வசனங்களில் சோதித்துப் பாருங்கள்

உங்கள் முடிவை இந்த மூன்றிலும் வைத்து வாசியுங்கள். எதிலாவது இடறினால் 5ஆம் படிக்குத் திரும்புங்கள்.

சங்கீதம் 78:27: கடற்கரை மணலைப்போல் பொழிந்த 'சிறகுள்ள ஓஃப்'. எண்ணாகமம் 11இல் அது காடை என்று தெரிகிறது.

பிரசங்கி 10:20: வானத்து ஓஃப் சத்தத்தைக் கொண்டுபோகும், 'சிறகுகளின் சொந்தக்காரன்' செய்தியை அறிவிக்கும். இரண்டும் ஒரே உயிரைத்தான் இரண்டு விதமாகச் சொல்கின்றன.

தானியேல் 7:6: சிறுத்தையின் முதுகில் ஓஃபின் நான்கு செட்டைகள். இது அரமேயப் பகுதி, ஆகவே எண் 5776. 5775 என்று தேடிவிட்டு 'காணவில்லை' என்று மூடிவிடாதீர்கள்.